மூட்டை சாரும் நாலாவது குறியும்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஊரையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், வாழ்க்கையில் ஒரு பஸ் டிக்கெட்டைக்கூடக் கீழே போடாத மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர் மூட்டை சார். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், பிள்ளைகளே. அவருடைய டிக்கெட்டுகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வருஷவாரியாக ரப்பர் பேண்டு போட்டு, ரப்பர் பேண்டு இற்றுப்போனால் அதையும் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார்.

டிக்கெட் மட்டுமில்லை. மை தீர்ந்த ரீஃபில், பல் போன சீப்பு, மாத்திரை தின்ற பிறகு மிஞ்சிய அட்டை, முடிந்துபோன கல்யாணங்களின் பத்திரிகை எல்லாம் அவரிடம் பத்திரமாக இருந்தன. ஒருநாள் அவர் மூட்டைக்குள்ளிருந்து ஒற்றைச் செருப்பு ஒன்று விழுந்தது.

"ஒத்தச் செருப்பு எதுக்கு சார்?" என்றேன்.

"இன்னொண்ணு கெடைச்சா?"

"அது தொலைஞ்சு அஞ்சு வருஷமாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தொலைஞ்சுதானே போச்சு தம்பி. அழிஞ்சா போச்சு?" என்று அதைத் துடைத்து உள்ளே போட்டுக்கொண்டார்.

இவர் எதைப் பற்றி ஆராய்ச்சி செய்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உடம்பு தனக்கு வேண்டாததை எப்படி உடைத்துப் போடுகிறது, அப்படி உடைப்பதால் நரம்பு எப்படிச் சரியான வழியில் வளர்கிறது என்பதைப் பற்றித்தான். ஒற்றைச் செருப்பைத் தூக்கிப்போட முடியாத மனிதருக்கு அமைந்த பாடம் இது.

அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அவருடைய ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அதை நானே பலமுறை டைப் அடித்திருக்கிறேன். ஆனாலும் பெயரைச் சொன்னால் எனக்கு ஆள் ஞாபகத்துக்கு வருவதில்லை. மூட்டை சார் என்றால்தான் தோளில் யூரியா சாக்கோடு நெட்டையாக வந்து நிற்கிறார்.

அப்போது 2003ஆம் வருஷம். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். நான் பத்தாவது வரை படித்தவன். இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்திருந்தேன். எழுத்தைப் பார்த்து அடிப்பேனே தவிர, பொருளைப் பார்த்து அடிக்கத் தெரியாது. சார் அரியலூரில் குடியிருந்துகொண்டு, பெரம்பலூருக்கு வெளியே ஒரு காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தார். தினமும் பஸ். தினமும் மூட்டை. சனிக்கிழமைகளில் திருச்சிக்குப் போய்க் கோழி முட்டைக் கருவை வைத்து ஆராய்ச்சி.

ஒருமுறை அவர் ஏறிய திருச்சி பஸ்ஸில் நானும் இருந்தேன். கண்டக்டர் வந்து நின்றார்.

"சார், மூட்டைக்கு லக்கேஜ் போடணும்."

"இதுல இருக்கறதெல்லாம் அறிவுய்யா. அறிவுக்கு லக்கேஜா?"

"அறிவ தலையில வெச்சிருந்தா நான் ஏன் சார் கேக்கப் போறேன்? சீட்டுலல்ல வெச்சிருக்கீங்க."

பஸ்ஸே சிரித்தது. சார் கோபப்படவில்லை. லக்கேஜ் டிக்கெட்டை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, சந்தோஷமாக மூட்டைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்கு ஒரு டிக்கெட் கூடுதலாகக் கிடைத்துவிட்டதே!

என் கடைக்கு முதல்நாள் வந்தபோது சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கட்டுக் கட்டாகக் கையெழுத்துத் தாள். நான் அடிக்க உட்கார்ந்தேன்.

"இரு தம்பி. மொதல்ல இது என்னன்னு கேளு."

"எனக்கு எதுக்கு சார் அர்த்தமெல்லாம்? நீங்க எழுதியிருக்கறத அப்படியே அடிச்சுத் தரேன்."

"இதுக்கு முந்தி ஒருத்தரு இப்படித்தான் அடிச்சாரு. மூணாம் அத்தியாயத்த ரெண்டு தடவ அடிச்சிருக்காரு. அவருக்கும் தெரியல, படிச்ச எனக்கும் தெரியல."

ஆகவே கேட்டேன். அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். தப்பிருந்தால் அது என் தப்பு.

முட்டைக்குள் குஞ்சு உருவாகும்போது, நரம்புச் செல் ஒன்று மெல்லிய நூல் ஒன்றை வெளியே நீட்டும். நீங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதும் இதேதான் நடந்தது. அந்த நூலின் நுனி, விரித்த கை மாதிரி இருக்கும். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போவோமே, அப்படித் தடவிக்கொண்டே போகும். 'இப்படி வா' என்று சில இடம் கூப்பிடும். 'இங்கே வராதே' என்று சில இடம் தள்ளும். கடைசியில் போய்ச் சேர வேண்டிய தசையில் சேர்ந்து, அங்கே நிற்க வேண்டும்.

அந்த நுனிக்குள் எத்தனையோ விதமான புரதங்கள் வேலை செய்கின்றன. 'போ, போ' என்று தள்ளுகிற புரதம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் அது வேண்டும். ஊர் வந்து சேர்ந்த பிறகும் அது உள்ளேயே உட்கார்ந்து 'போ, போ' என்றால்? நரம்பு எப்படி நிற்கும்? அதனால் வேலை முடிந்ததை உடைத்துவிட வேண்டும்.

"கட்டறதுதான் வளர்ச்சின்னு நெனைக்கிறோம் தம்பி. அந்த நுனியில கட்டறதும் நடக்குது, உடைக்கறதும் நடக்குது. வளையணுமா, நிக்கணுமா, அது ரெண்டும் சேந்துதான் முடிவாகுது."

"எத உடைக்கணும்னு எப்படி சார் தெரியும்?"

"எறையூர்ப் பக்கம் சக்கர ஆலைக் கரும்ப எப்ப வெட்டுவாங்க?"

"வெட்டு உத்தரவு வந்தாத்தான் வெட்டுவாங்க. அது இல்லாமப் போனா ஆலையில வண்டிய உள்ள வுட மாட்டாங்க."

"அவ்வளவுதான்! இதுக்கும் உத்தரவு இருக்கு" என்று மேசையில் தட்டினார். உடைய வேண்டிய புரதத்தின்மேல் ஒரு சின்னப் புரதத்தைச் செல் குறியாக ஒட்டுமாம். ஒரு குறி போதாது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சங்கிலி மாதிரி சேர வேண்டும். நாலாவது சேர்ந்தால்தான் பீப்பாய் மாதிரி இருக்கிற உடைக்கும் எந்திரம் அதைச் சரியாகப் பிடித்து உள்ளே இழுக்குமாம். குறிகளை மட்டும் வாசலிலேயே கழற்றி, அடுத்ததற்கு ஒட்ட வைத்துக்கொள்ளுமாம். நொறுங்கிய துண்டுகளும் வீணாகாது. அவற்றை வைத்துப் புதுப் புரதம் கட்டிக்கொள்ளுமாம்.

"குறி ஒட்டாமப் போனா?"

"மண்ணுல ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குப் புழு ஒண்ணு இருக்கு. அதுல குறி ஒட்டற ஆளு கெட்டுப்போனா, நரம்பு நிக்க வேண்டிய எடத்துல நிக்காது. தாண்டிப் போயி கொக்கி மாதிரி வளைஞ்சுக்கும்."

"சென்னை பஸ்ஸு ஊருக்குள்ள வராம பைபாஸ்லயே போயி, பெரம்பலூர் ஆள திருச்சியில கொண்டு வுடுவானே, அது மாதிரியா சார்?"

மூட்டை சார் எழுந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "ஒனக்குப் புரிஞ்சிருச்சுய்யா!"

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த தாளைப் பார்த்துத் திகைத்துப்போனேன். அந்தப் பைபாஸ் பஸ்ஸைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இங்கிலீஷில் எழுதி, ஆய்வேட்டில் சேர்த்திருந்தார்.

இப்படித்தான் அது வளர்ந்தது. முதலில் அடித்தபோது முந்நூற்று நாற்பது பக்கம். திருத்திக் கொடுங்கள் என்றேன். திருத்திய பிறகு ஐந்நூற்று இருபது. மறுபடி திருத்தினார். எழுநூற்றுப் பன்னிரண்டு! ஒவ்வொரு முட்டையும் எந்தக் கடையில் வாங்கியது, அன்று வெயிலா மழையா, முட்டை கொடுத்தவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் உள்ளே இருந்தது. எதையாவது எடுக்கலாம் என்றால், "பின்னால ஒருத்தனுக்கு ஒதவும் தம்பி" என்பார். நன்றி சொல்கிற பகுதி மட்டும் பதினோரு பக்கம். லக்கேஜ் டிக்கெட் போட்ட கண்டக்டரும் அதில் இருந்தார்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒருநாள் மத்தியானம் அவருடைய வீட்டுக்காரம்மா தனியாகக் கடைக்கு வந்தார். அரியலூரில் பால்வாடி டீச்சர். பிறந்த ஊர் எறையூர்ப் பக்கம், கரும்பு போடுகிற குடும்பம். வயிற்றில் ஏழு மாதம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வந்திருக்கிற முதல் குழந்தை என்று சார் சொல்லியிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"அண்ணே, இந்த லெட்டரப் படிங்க. இவரு இதையும் மூட்டையில போட்டு வெச்சிருந்தாரு."

படித்தேன். பல்கலைக்கழகத்தில் இருநூற்றைம்பது பக்கத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இன்னும் பன்னிரண்டு நாள். இதற்குமேல் தவணை கிடையாது, பிஎச்.டி. பதிவு ரத்தாகிவிடும்.

"பதிவு போனா வேலையும் போயிடும்ண்ணே. காலேஜ்ல சொல்லிட்டாங்க. நான் வாங்கற பால்வாடி சம்பளத்துல புள்ளைய வளக்க முடியுமா? வூட்ல தூளி கட்ட ஒரே ஒரு கொக்கி இருக்கு. அதுலயும் மூட்ட தொங்குது. கேட்டா, எலி கடிச்சிருமாம். எம்புள்ளைய எலி கடிச்சா பரவால்லியாண்ணே?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் சாரிடம் எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும், ஒரு சிவப்புப் பென்சிலையும் கொடுத்தேன். "வேணாங்கற பக்கத்துல ஒரு டிக் போடுங்க சார். நான் கம்ப்யூட்டர்ல அழிச்சுடறேன்."

"ஒரு டிக்குலயா? எப்படித் தம்பி? விஞ்ஞானப்படி நாலு வேணும்."

சரி, நாலே போடுங்கள் என்றேன். நான் செய்த பெரிய தப்பு அது. காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு, கடை மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பெருமூச்சு விடுவார், ஒரு டிக் போடுவார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து இரண்டாவது போடுவார். மறுநாள் மூன்றாவது. ஒரு வாரம் போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் நானூற்று அறுபத்து நாலு பக்கத்தில் மூன்று மூன்று டிக் இருக்கிறது. நாலாவது ஒன்றில்கூட இல்லை.

"சார், மூணு போட்டாச்சே. அழிச்சுடட்டுமா?"

"மூணுல உடைக்காது தம்பி" என்றார் பாவமாக. "நாலாவதுக்குக் கை வர மாட்டேங்குது."

அன்று சாயங்காலம் டீச்சருக்கு போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் அவர் பால்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு பஸ் ஏறி வந்துவிட்டார். இன்னும் நாலு நாள்தான் பாக்கி. அவர் சத்தம் போடவில்லை. பால்வாடியில் அடம்பிடிக்கும் குழந்தையிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"ஏங்க, இந்தக் குறி இருக்குல்ல? உடையப்போற சாமானே அதத் தனக்கு ஒட்டிக்குமா?"

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடம் என்றால் அவருக்கு உயிர். "அதெப்படி ஒட்டிக்கும்? குறி ஒட்டறதுக்குன்னே வேற புரதம் இருக்கு. எது மேல ஒட்டணும்னு அதுக்குத்தான் தெரியும்."

"எங்கப்பா கரும்புக்கு அவரே வெட்டு உத்தரவு போட்டுக்கிட்டாரா?"

"இல்ல. ஆலையிலேருந்துதான் வரும்."

"அப்ப நீங்க எழுதுனதுக்கு நீங்களே எப்படி நாலாவது குறி போடுவீங்க? அது உங்க வேலையே இல்லியே. பென்சிலக் குடுங்க."

எத்தனையோ பேர் அந்த மனிதரோடு வாதாடித் தோற்றிருக்கிறார்கள். அவருடைய விஞ்ஞானத்தைக் கொண்டே அவரை மடக்கியது டீச்சர் ஒருவர்தான். பென்சில் கை மாறியது.

டீச்சர் அதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டார். பக்கத்தை எடுத்துக் காட்டி, "இத எடுத்தா அடுத்த பக்கம் நிக்குமா?" என்று மட்டும் கேட்பார். சார் 'நிக்கும்', 'நிக்காது' இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம். 'ஆனா' என்று ஆரம்பிக்கக் கூடாது.

"முட்டைக்கடைக்காரரு மக கல்யாணம். நிக்குமா?"

"நிக்கும்." டிக்.

"அன்னைக்கு மழை பேஞ்சது?"

"நிக்கும்." டிக்.

"இந்தப் படம்?"

"நிக்காது! நிக்காது! அதுதான் நரம்பு நின்ன எடம்!"

"கத்தாதீங்க, வெச்சுக்கறேன்."

இப்படியே போனது. நான் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் அழித்தேன். நடுவில் கரண்ட் போய்விடும், யு.பி.எஸ். கூவும், சார் "ஐயோ, எல்லாம் போச்சா?" என்று எழுந்து ஓடிவருவார். பைபாஸ் பஸ் பக்கம் வந்தது. சார் தரையைப் பார்த்தபடி, "நிக்கும்... ஆனா அது தம்பி சொன்னது" என்றார். விதியை மீறி அவர் சொன்ன ஒரே 'ஆனா' அதுதான். டீச்சர் என்னைப் பார்த்தார். "போடுங்க டீச்சர்" என்றேன்.

கடைசியில் நன்றிப் பக்கங்கள். பதினொன்றில் ஒன்றுதான் வைக்க முடியும். கண்டக்டர் போனார், முட்டைக்கடைக்காரர் போனார். ஒரு தாளை எடுத்த டீச்சர் நிறுத்திவிட்டார்.

"இதுல அண்ணன் பேரு இருக்கே."

எட்டிப் பார்த்தேன். அந்தப் பகுதியை மட்டும் அவர் எப்போது அடித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் சாப்பிடப் போயிருந்தபோது என் கம்ப்யூட்டரில் அவரே ஒற்றை விரலால் தட்டியிருக்கிறார், எங்கே பார்த்தாலும் எழுத்துப்பிழை. 'எழுத்தைப் பார்த்து மட்டும் அடிக்காமல், பொருளைக் கேட்டு அடித்தவர்' என்ற பொருளில் இங்கிலீஷில் நாலு வரி. அதன் மேலும் மூன்று சிவப்பு டிக். சார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நிக்குமா?" என்றார் டீச்சர், மெதுவாக.

நான்தான் சொன்னேன். "நிக்கும் டீச்சர்."

சொல்லிவிட்டேனே தவிர, பென்சில் கீழே வருவதற்குள் அந்தத் தாளை உருவி மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை அழித்ததும் நான்தான்.

இருநூற்று நாற்பத்தெட்டு பக்கம் நின்றது. எடுத்த தாள்களையெல்லாம் சார் பூனை மாதிரி போய்ச் சாக்கில் அடுக்க ஆரம்பித்தார். டீச்சர் பார்த்துவிட்டார். எழுந்து வந்து, சாக்கின் மேலேயே வரிசையாக நாலு டிக் போட்டார்.

"துண்டெல்லாம் புதுசு கட்ட ஒதவும்னு நீங்கதானே சொன்னீங்க? பின்பக்கம் வெள்ளையா இருக்கு. பாதி பால்வாடிக்கு, பாதி அண்ணன் கடைக்கு."

சார் சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு விட்டுவிட்டார்.

கெடுவுக்கு முதல்நாள் ஆய்வேட்டைக் கொடுக்கத் திருச்சி போனார். பஸ் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். அந்தப் பழைய கண்டக்டர்தான். மூட்டை இல்லாமல் ஐந்து பிரதிகளை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு ஏறியவரைப் பார்த்துப் பதறிப்போனார்.

"சார், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

இரண்டு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. அரியலூருக்குப் போய்ப் பார்த்தேன். வீட்டில் உட்கார இடம் இருந்தது. கொக்கியில் மூட்டைக்குப் பதில் மஞ்சள் சேலையில் தூளி ஆடியது. சார் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் உள்ளங்கையில் தன் விரலை வைத்திருந்தார். குழந்தை அதை இறுக்கிப் பிடித்திருந்தது.

"பாத்தியா தம்பி?" என்றார் ரகசியமாக. "இந்த வெரலுக்குப் போன நரம்பு, நிக்க வேண்டிய எடத்துல நின்னுருக்கு. எதெது உடையணுமோ உடைஞ்சிருக்கு. நாம யாரும் சொல்லிக் குடுக்கல."

டீச்சர் உள்ளேயிருந்து, "அதுகிட்டயும் பாடமா? தூங்க வுடுங்க" என்றார்.

கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார். சட்டைப் பையில் இருந்த ஒரு பழைய டிக்கெட்டை எடுத்தார். என் கண் முன்னால் கசக்கி ரோட்டோரம் போட்டார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. பத்தடி போயிருப்போம். "இரு தம்பி, வரேன்" என்று திரும்ப ஓடினார். குனிந்து எடுத்து, தொடையில் வைத்து நீவி, பையில் போட்டுக்கொண்டார்.

"பாப்பாவ ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டியாந்த டிக்கெட்டுய்யா அது. மறந்துட்டேன்."

அவருக்குப் பட்டம் கிடைத்தது. 2007இல் தூரத்து ஊர் ஒன்றில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் அரியலூர்ப் பால்வாடிக் குழந்தைகள் யானை வரைந்தார்கள். என் இரண்டு பிள்ளைகள் முதன்முதலில் 'அ' எழுதிப் பழகியதும் அதில்தான். தாளைத் திருப்பினால் நாலு சிவப்பு டிக் இருக்கும். மூன்று தயங்கித் தயங்கிப் போட்டது. நாலாவது மட்டும் அழுத்தமாக இருக்கும்.

என் டிராயரில் இருக்கிற தாளில் மட்டும் இன்னும் மூன்றுதான் இருக்கிறது. மேசையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்க்கிறேன். சிவப்புப் பென்சிலும் பக்கத்திலேயேதான் கிடக்கிறது.